கருத்தடைக் குளிசை: எது பயம், எது பயன்?

சில வருடங்களுக்கு முன்னர், பாடசாலை விட்ட பிறகு ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் அப்போது தரம் 11. மாதாமாதம் மூன்று நாட்கள், சில மாதங்களில் நான்கு நாட்கள், அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை. வந்தாலும் மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருப்பாள். தவணைப் பரீட்சையில் கணித வினாத்தாளை அவள் தவறவிட்டதும் மாதத்தீட்டு வலியினால்தான். பெண் நோயியல் வைத்தியர் ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். அவர் பரிசோதித்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குளிசை அட்டையை எழுதிக் கொடுத்திருக்கிறார். பார்மஸியில் அதைக் கையில் வாங்கியதும் தாய்க்கு விசயம் விளங்கிவிட்டது.

"டீச்சர், இது குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை. கலியாணம் முடிக்காத பிள்ளைக்கு இதை எப்படிக் குடிக்கக் கொடுக்கிறது? நாளைக்கு இவளுக்குப் பிள்ளை கிடைக்காமல் போனால் யார் பொறுப்பு? வீட்டுக்கு வாறவங்க அட்டையைக் கண்டால் என்ன நினைப்பாங்க?"

அட்டை இரண்டு மாதமாகப் பிரிக்கப்படாமலே அலுமாரிக்குள் இருந்தது. பிள்ளை வலியோடு இருந்தாள்.

அந்தத் தாயின் மூன்று கேள்விகளும் எமது சமூகத்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கின்றன. நான் வைத்தியர் அல்ல. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. ஆனால் அன்று அந்தத் தாய்க்குச் சொல்லத் தெரியாமல் தடுமாறிய விடயங்களைப் பின்னர் தேடிப் படித்தேன். அவற்றை ஒழுங்குபடுத்தி எழுதினால் இன்னும் சில வீடுகளுக்குப் பயன்படும் என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன். குளிசையின் நன்மையை மட்டும் சொல்வதும், தீமையை மட்டும் சொல்வதும் நேர்மையாகாது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் மருந்தாகவே வந்தது

கருத்தடைக் குளிசை பற்றிப் பலருக்குத் தெரியாத ஓர் உண்மை உண்டு. உலகின் முதலாவது கருத்தடைக் குளிசையான எனோவிட், கருத்தடைக்காக அனுமதிக்கப்படவில்லை. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதை மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாகவே அனுமதித்தது. கருத்தடைக்கான அனுமதி 1960இல்தான் கிடைத்தது. ஆகவே "குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையை ஏன் நோய்க்குக் கொடுக்கிறார்கள்?" என்ற கேள்வியின் வரலாறு தலைகீழானது. நோய்க்கு வந்த மருந்துதான் பின்னர் கருத்தடைக்கும் பயன்பட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த முதற் குளிசையில் ஈஸ்ட்ரஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று பரவலாகப் பாவனையிலுள்ள குளிசைகளில் 30 மைக்ரோகிராம், சிலவற்றில் 20 மாத்திரமே உண்டு. அந்தக் காலத்துக் குளிசையால் இரத்தக்கட்டி ஏற்பட்டுப் பெண்கள் மரணித்த செய்திகள் உண்மையானவை. 1970இல் அமெரிக்க செனட் சபையில் இது பற்றிப் பகிரங்க விசாரணையே நடந்தது. அதன் பிறகுதான் பக்க விளைவுகளைச் சொல்லும் துண்டுப் பிரசுரம் குளிசையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எமது மூத்தம்மாமார் கேள்விப்பட்ட பயங்களில் ஒரு பகுதி அந்தக் காலத்துக்குரியது.

உடலில் என்ன செய்கிறது?

பெண்ணின் சூலகம் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டரோன் என்ற இரண்டு ஓமோன்களைச் சுரக்கின்றது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சூலகத்துக்குக் கட்டளையிட, மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. கருப்பையின் உட்சுவர் தடித்து வளர்கிறது. கரு தங்காவிட்டால் அந்தச் சுவர் உரிந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுவே மாதவிடாய்.

வெளியிலிருந்து இந்த ஓமோன்களைச் சிறிய அளவில் தொடர்ச்சியாகக் கொடுக்கும்போது கபச்சுரப்பி ஓய்வெடுத்துக்கொள்கிறது. முட்டை முதிர்வதில்லை. கருப்பைக் கழுத்திலுள்ள சீதம் தடித்துப் போகிறது. கருப்பையின் உட்சுவர் மெலிதாகவே இருக்கிறது. கரு தங்காமல் இருப்பதற்கும், இரத்தப்போக்கும் வலியும் குறைவதற்கும் காரணம் இதே மாற்றங்கள்தான்.

இவ்வகை மருந்துகள் பல வடிவங்களில் உள்ளன. இரண்டு ஓமோன்களும் சேர்ந்த கலப்புக் குளிசை, எமது நாட்டில் 'மிதுரி' என்ற பெயரால் பலருக்கும் பழக்கமானது, அவற்றில் ஒன்று. புரோஜெஸ்டரோன் வகை மட்டும் உள்ள குளிசை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசி, மேற்கையின் தோலுக்கடியில் வைக்கும் மெல்லிய கோல்கள், கருப்பைக்குள் வைக்கும் ஓமோன் லூப் என்பன ஏனையவை. செம்பினால் ஆன சாதாரண லூப்பில் ஓமோன் எதுவும் கிடையாது. இவற்றையெல்லாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "ஊசி போட்டவவுக்கு அப்படி நடந்தது, ஆகவே குளிசையும் ஆகாது" என்று பேசுவதுதான் பாதிப் பிரச்சினை. ஒவ்வொன்றின் குணமும் வேறு.

எந்த வருத்தங்களுக்குக் கொடுக்கிறார்கள்?

கடுமையான மாதவிடாய் வலி: இளம் பிள்ளைகளில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. முதலில் வலி நிவாரணிகளைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு அடங்காவிட்டால் கலப்புக் குளிசையைக் கொடுப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை.

எண்டோமெட்ரியோசிஸ்: கருப்பையின் உட்சுவரைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் வயிற்றறையிலும் வளர்வது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 வீதத்தினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. "மாதத்தீட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று சொல்லிச் சொல்லியே நோயைக் கண்டுபிடிப்பது பல வருடங்கள் தாமதமாகிறது. கவனிக்காமல் விட்டால் பிள்ளைப்பேற்றையே பாதிக்கக்கூடிய நோய் இது. ஓமோன் சிகிச்சை வலியைக் கட்டுப்படுத்தும் பிரதான வழிகளில் ஒன்று.

பி.சி.ஓ.எஸ்: மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி வளர்தல், பருக்கள், உடல் பருமன் என்பவற்றோடு வரும் இந்த நிலை, உலக அளவில் 100 பெண்களில் 6 முதல் 13 பேர் வரை காணப்படுகிறது. இப்பெண்களில் சிலருக்கு நான்கு, ஐந்து மாதங்களாக மாதவிடாய் வருவதே இல்லை. "வராவிட்டால் நல்லதுதானே, தொழுகை விடுபடாது" என்று இருந்துவிடுகிறார்கள். இது ஆபத்தான எண்ணம். உரியாமல் தடித்துக்கொண்டே போகும் கருப்பைச் சுவர் நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும். குளிசை அந்தச் சுவரைப் பாதுகாக்கிறது. எடையைக் குறைப்பதும் உடற்பயிற்சியும் இதன் அடிப்படைச் சிகிச்சை என்பதையும் மறக்கக் கூடாது. குளிசை அந்த இடத்தை நிரப்பாது.

அதிக இரத்தப்போக்கும் இரத்தச்சோகையும்: நாற்பதைத் தாண்டிய எத்தனையோ பெண்கள் முகம் வெளிறி, படி ஏறினால் மூச்சு வாங்கி, "வயசு போகுது" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். மாதாமாதம் இழக்கும் இரத்தமே காரணமாக இருக்கலாம். காரணத்தைப் பரிசோதித்து அறிந்த பின்னர், குளிசையோ ஓமோன் லூப்போ வைத்தியர் சிபாரிசு செய்வார். ஓமோன் லூப் இரத்தப்போக்கை மிகப் பெருமளவு குறைக்கிறது. கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையைப் பல பெண்களுக்குத் தவிர்த்துக் கொடுத்த சாதனம் அது.

இவை தவிர, கடுமையான பருக்கள், மாதவிடாய்க்கு முன்னர் வரும் தாங்க முடியாத மனச் சோர்வு, சூலகம் இளம் வயதிலேயே செயலிழந்த பெண்கள் என்று இன்னும் பல தேவைகளுக்கு இது பயன்படுகிறது. குழந்தை வேண்டிச் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சைக்குச் செல்லும் பெண்களுக்குக்கூட, சிகிச்சையின் திகதிகளை ஒழுங்குபடுத்துவதற்காகச் சில வேளைகளில் இதே குளிசையைக் கொடுக்கிறார்கள். குழந்தை பெறுவதற்காகக் கருத்தடைக் குளிசை குடிக்கும் பெண்ணும் இருக்கிறாள் என்பதை எமது பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளைப் பாக்கியம் இல்லாமல் போகுமா?

தாயின் இரண்டாவது கேள்வி இது. எமது சமூகத்துக்கு இதில் ஒரு கசப்பான அனுபவமும் இருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டுக் குளிசை கலந்து கொடுக்கிறார்கள் என்று வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அந்த உணவை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அதில் இருந்தது மாக்கட்டி என்பது தெரிய வந்தது. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் குளிசை கிடையாது என்பதை அன்று நாம் எல்லோரும் உரத்துச் சொன்னோம். பத்திரிகைகளில் எழுதினோம். ஆனால் அதே நம்பிக்கையை எமது வீட்டுக்குள் நாமே வைத்திருக்கிறோம். வைத்தியர் எழுதிய அட்டையை அலுமாரிக்குள் பூட்டி வைப்பதும் அந்த நம்பிக்கைதானே?

உண்மை இதுதான். கலப்புக் குளிசையை ஒவ்வொரு நாளும் குடிக்க வேண்டும் என்பதற்குக் காரணமே அதன் விளைவு உடலில் தங்குவதில்லை என்பதுதான். ஓரிரு நாள் மறந்தாலே முட்டை வெளிவந்துவிடலாம். குளிசையை நிறுத்திய பெண்களைப் பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வொன்றில் ஏறத்தாழ 80 வீதமானோர் ஒரு வருடத்துக்குள் கருத்தரித்தனர். குளிசை பாவிக்காத பெண்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கோல்களையும் ஓமோன் லூப்பையும் எடுத்தவுடன் இதேபோன்று கருவளம் திரும்புகிறது.

டெப்போ ஊசி மட்டும் சற்று வேறு. அதன் மருந்து உடலை விட்டு நீங்க நாள் எடுக்கும். கடைசி ஊசியிலிருந்து கருத்தரிப்பதற்குச் சராசரியாகப் பத்து மாதங்கள் அளவில் ஆகலாம். சிலருக்கு ஒன்றரை வருடமும் செல்லும். அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஊசி பொருத்தமில்லை. ஆனால் இது தாமதம்தான், மலட்டுத்தன்மை அல்ல.

பிறகு ஏன் "குளிசை குடித்ததால்தான் பிள்ளை இல்லை" என்று சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள்? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். குளிசை குடிக்கும் காலத்தில் மாதாமாதம் ஒழுங்காக இரத்தம் படும். பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்ணுக்கு அந்த ஒழுங்கு குளிசையால் வந்தது. நிறுத்தியதும் பழைய ஒழுங்கின்மை வெளியே தெரிகிறது. பழி குளிசைக்குப் போகிறது. மற்றையது வயது. 28இல் தொடங்கி 37இல் நிறுத்துபவருக்கு இடையில் ஒன்பது வருடங்கள் கடந்திருக்கின்றன. அந்த வருடங்களைக் குளிசை நிறுத்தி வைக்காது.

உண்மையான ஆபத்துகள்

வதந்திகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பயப்பட வேண்டிய விடயங்கள் சில இருக்கத்தான் செய்கின்றன.

இரத்தக்கட்டி: இதுவே முதன்மையானது. காலின் ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குச் சென்றால் உயிராபத்து. ஐரோப்பிய மருந்துகள் முகவரகத்தின் கணக்குப்படி, ஒரு வருடத்தில் குளிசை பாவிக்காத 10,000 பெண்களில் சுமார் 2 பேருக்கு இது ஏற்படுகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் கலந்த குளிசை பாவிப்போரில் 5 முதல் 7 பேர். ட்ரொஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் போன்றவை ஈஸ்ட்ரஜனோடு கலந்த குளிசைகளில் 9 முதல் 12 பேர். ஆபத்து கூடுவது உண்மை. அதேவேளை, கர்ப்ப காலத்திலும், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களிலும் இரத்தக்கட்டியின் ஆபத்து இதைவிட அதிகம். பாவிக்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே ஆபத்து கூடுதலாக இருக்கும்.

இரத்த அழுத்தம், பக்கவாதம்: ஈஸ்ட்ரஜன் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் கூட்டலாம். ஏற்கனவே பிரஷர் உள்ளவருக்கு இது மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மேற்கு நாடுகளில் 35 வயதைத் தாண்டிய, புகைபிடிக்கும் பெண்களுக்கு இதைத் தடுக்கிறார்கள். எமது பெண்கள் அநேகமாகப் புகைப்பதில்லை. ஆனால் பிரஷர் அளந்து பார்ப்பதும் இல்லை. அளக்காமல் பார்மஸியில் தாமாக வாங்கிக் குடிப்பதுதான் எமது நாட்டிலுள்ள பிழை.

மனநிலை: 2016இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்று, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்து, ஓமோன் கருத்தடை பாவிப்போரில், விசேடமாகப் பதின்ம வயதினரில், மனச்சோர்வு மருந்து தேவைப்படுவோர் சற்று அதிகம் எனக் கண்டது. குளிசைதான் நேரடிக் காரணம் என்று அது நிறுவவில்லை. எனினும் குளிசை தொடங்கிய பிள்ளை வழமைக்கு மாறாக அழுதுகொண்டும் ஒதுங்கியும் இருந்தால், "சும்மா நடிக்கிறாள்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

டெப்போ ஊசியின் தனிப் பிரச்சினைகள்: நீண்ட காலம் போட்டால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. நிறுத்திய பின் பெரும்பாலும் மீள்கிறது. சிலருக்கு எடை கூடுகிறது. ஒழுங்கற்ற இரத்தக் கசிவும் உண்டு. 2024இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று, இதை ஒரு வருடத்துக்கு மேல் பாவித்தவர்களில் மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டி ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இது மிக அரிதான கட்டி. எனவே ஊசி போட்ட எல்லோரும் பதறத் தேவையில்லை. ஆனால் பல வருடங்களாகத் தொடர்ந்து போடுபவர்கள் வேறு முறைக்கு மாறுவது பற்றி வைத்தியரோடு பேசுவது நல்லது.

சில்லறைத் தொல்லைகள்: குமட்டல், மார்பில் நோவு, தலையிடி, இடையிடையே இரத்தப் பொட்டு என்பன முதல் மூன்று மாதங்களில் வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கும். கலப்புக் குளிசையால் உடல் மிகவும் பருத்துவிடும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

புற்றுநோய் பற்றிய கணக்கு

"குளிசை குடித்தால் கென்சர் வரும்" என்பது ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், கலப்புக் குளிசையை மார்பு, கருப்பைக் கழுத்து, ஈரல் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. அதே முகவரகம், சூலகப் புற்றுநோயிலிருந்தும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயிலிருந்தும் அது பாதுகாக்கிறது என்றும் கூறுகிறது.

அளவைப் பார்ப்போம். 2017இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வின்படி, ஓமோன் கருத்தடை பாவிக்கும் 7,690 பெண்களில் வருடத்துக்கு ஒருவருக்கு மேலதிகமாக மார்புப் புற்றுநோய் ஏற்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் ஆபத்து ஐந்து வருடங்களுக்கு மேல் பாவித்தால் கூடி, நிறுத்திய பின்னர் படிப்படியாகக் குறைகிறது. மறுபக்கத்தில், 21 நாடுகளின் 45 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஆய்வு, ஒவ்வொரு ஐந்து வருடப் பாவனைக்கும் சூலகப் புற்றுநோய் ஏறத்தாழ 20 வீதம் குறைவதாகக் கண்டது. அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பின்னரும் 30 வருடங்கள் வரை நீடிக்கிறது.

ஆகவே தாய்க்கோ சகோதரிக்கோ மார்புப் புற்றுநோய் இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் 'வெல் வுமன்' கிளினிக்குகளில் பெப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். 35 வயதானவர்கள் குளிசை பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் போய்ச் செய்துகொள்ளுங்கள். எமது பெண்கள் வெட்கத்தினால் தவறவிடும் பரிசோதனை இது.

யார் கலப்புக் குளிசை பாவிக்கக் கூடாது?

முன்னர் இரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு ஏற்பட்டவர்கள். கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள். கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்து, அதன் பின் ஒற்றைத் தலைவலி வருபவர்கள். மார்புப் புற்றுநோய் உள்ளவர்கள். கடுமையான ஈரல் நோயுள்ளவர்கள். சிறுநீரகத்தையோ கண்ணையோ பாதித்த நீரிழிவு உள்ளவர்கள். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் நீண்ட நாள் படுக்கையில் இருக்க வேண்டியவர்கள். இவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் இல்லாத வேறு முறைகள் பற்றி வைத்தியர் சொல்வார்.

பாலூட்டும் தாய்மார் பிரசவத்தின் பின் முதல் ஆறு வாரங்களில் கலப்புக் குளிசையைத் தொடவே கூடாது. ஆறு மாதம் வரை தவிர்ப்பதே நல்லது.

காசநோய்க்கு றிபாம்பிசின் எடுப்பவர்களுக்கும், வலிப்புக்கு கார்பமசெபின், பெனிட்டொயின் எடுப்பவர்களுக்கும் குளிசையின் வேலை குறைந்துவிடும். வேறு எந்த மருந்து எடுத்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குளிசை பாவிக்கும்போது ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், திடீர் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், இதுவரை இல்லாத கடும் தலையிடி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், கடுமையான வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "குளிசை குடிக்கிறேன்" என்று அங்கே சொல்லவும் வேண்டும்.

ஹஜ், உம்ரா, நோன்பு

எமது பெண்களில் பலர் ஓமோன் குளிசையை முதன்முதலாகத் தொடுவது கருத்தடைக்காக அல்ல, ஹஜ் அல்லது உம்ராவுக்காக. பயண நாட்களில் மாதத்தீட்டு வராமல் தள்ளிப்போடுவதற்கு நோரெதிஸ்டரோன் என்ற குளிசையை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். வழமையாக 5 மில்லிகிராம் குளிசை நாளுக்கு மூன்று வேளை, மாதவிடாய் எதிர்பார்க்கும் திகதிக்கு மூன்று நாட்கள் முன்னரே தொடங்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு, மூன்று நாட்களில் இரத்தம் படும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்த அளவில் குடிக்கும்போது அதன் ஒரு சிறு பகுதி உடலில் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. ஆகவே இரத்தக்கட்டி ஆபத்துள்ளவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இதையும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. நான்கு மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட விமானப் பயணமே இரத்தக்கட்டி ஆபத்தைக் கூட்டுகிறது. அத்தோடு வெயிலும் நீரிழப்பும் சேர்கின்றன. பயணக் குழுவில் ஒருவரிடம் இருக்கும் குளிசையை எல்லோரும் பகிர்ந்து குடிக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் முன்னரே வைத்தியரைக் காணுங்கள். விமானத்தில் எழுந்து நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள். இது கருத்தடையாக வேலை செய்யும் என்றும் நம்பிவிடாதீர்கள். ஏற்கனவே கலப்புக் குளிசை பாவிப்பவர் வேறு குளிசை தேடத் தேவையில்லை. இடைவெளி விடாமல் அடுத்த அட்டையின் ஓமோன் குளிசைகளைத் தொடர்வது பற்றி வைத்தியரிடம் கேட்கலாம்.

குளிசை குடித்தும் சிலருக்கு இரத்தப் பொட்டு படும். அதன் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களுக்கே ஹஜ்ஜின்போது மாதத்தீட்டு வந்தது என்பதும், தவாபைத் தவிர ஏனைய கிரியைகளைச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் என்பதும் நாம் அறிந்ததே. அல்லாஹ் தந்த சலுகையைப் பாவிப்பதில் குறையேதும் இல்லை. றமழானில் முப்பது நோன்பையும் பிடித்துவிட வேண்டும் என்பதற்காக உடம்புக்கு ஒத்துவராத குளிசையை விழுங்குவதை விட, விட்ட நோன்பைப் பின்னர் கழாச் செய்வது இலகுவானது. சிகிச்சைக்காகக் குளிசை குடிப்பவர்கள் இப்தாருக்குப் பின்னரோ ஸஹருக்கோ ஒரே நேரத்தைத் தெரிவுசெய்துகொண்டால் நோன்புக்குப் பாதிப்பு இல்லை.

கருத்தடைக்காகப் பாவிப்பவர்களுக்கு

ஒழுங்காகக் குடித்தால் வருடத்தில் 1,000 பெண்களில் 3 பேர் அளவிலேயே கருத்தரிப்பர். ஆனால் நடைமுறையில் மறதியும் சேரும்போது அது 100இல் 7 பேர் அளவுக்குப் போகிறது. ஒரு குளிசை மறந்தால் நினைவு வந்தவுடன் குடியுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் மறந்தால் அடுத்த ஏழு நாட்களுக்கு வேறு பாதுகாப்பும் தேவை. குடித்து மூன்று மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று குடிக்க வேண்டும்.

அவசரகாலக் குளிசை வேறு விடயம். லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அளவில், 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைத் தாமதப்படுத்துகிறது. ஏற்கனவே தங்கிய கருவைக் கலைக்காது. மாதாமாதம் குடிப்பதற்குரியதும் அல்ல.

மார்க்க ரீதியான பக்கத்தை உலமாக்களே பேச வேண்டும். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, கணவன் மனைவி இருவரும் கலந்தாலோசித்து, தீங்கின்றி, தக்க காரணத்தோடு பிள்ளைகளுக்கிடையே தற்காலிகமாக இடைவெளி விடுவதை அனுமதித்தது. நிரந்தர மலடாக்கலை, அவசியத் தேவை இருந்தாலன்றி, தடுத்தது. இருவரும் கலந்தாலோசித்து என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். கணவனுக்குத் தெரியாமல் ஊசி போடும் மனைவியரும் இருக்கிறார்கள், மனைவி எந்தக் குளிசை குடிக்கிறாள், அவளுடைய பிரஷர் எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்காத கணவர்மாரும் இருக்கிறார்கள். நோய்க்கு மருந்தாகக் குடிப்பது இதிலிருந்து வேறான விடயம். அதைக் குடும்பக்கட்டுப்பாட்டோடு கலந்து பேசுவதே பிழை.

மூன்றாவது கேள்வி

அந்தத் தாயின் மூன்றாவது கேள்வி, "அட்டையைக் கண்டால் என்ன நினைப்பாங்க?" என்பது. இதற்கு வைத்தியர் எவரும் மருந்து எழுத முடியாது. நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "ராத்தா, நான் சொல்லி நீங்க குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம், ஊர் சொல்லி நிறுத்தவும் வேண்டாம். உங்கட மூன்று கேள்வியையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு அதே டொக்டரிட்ட திரும்பப் போங்க. பிள்ளையையும் கூட்டிப் போங்க." அவர் போனார். வைத்தியர் குடும்பத்தில் யாருக்கும் இரத்தக்கட்டி இருந்ததா, பிள்ளைக்கு ஒற்றைத் தலைவலி வருமா என்று கேட்டு, பிரஷர் அளந்து, ஆறு மாதத்துக்குக் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் அந்தப் பிள்ளை எல்லாப் பாடங்களுக்கும் தோற்றினாள். வலி முற்றாகப் போகவில்லை, தாங்கக்கூடியதாக இருக்கிறது என்றாள்.

உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். மகள் மாதாமாதம் பாடசாலைக்குப் போக முடியாமல் படுத்திருந்தால் அது வழமையானது அல்ல. கொண்டு போய்க் காட்டுங்கள். குளிசை எழுதித் தந்தால் ஏன், எவ்வளவு காலம், என்ன பக்க விளைவு, எப்போது திரும்ப வர வேண்டும் என்ற நான்கையும் கேட்டு வாருங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், உங்கள் பகுதிக்கு வரும் மிட்வைப்பிடம் முதலில் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மேசையில் அந்த அட்டையைக் கண்டால், அது ஒரு மருந்து என்று நினைத்துக்கொண்டு பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.